பத்தே நாளில் சரியாகிவிடும்

கோவில்பட்டியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு மேல்மாடியில், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவள் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். கீழே நான் லோயர் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. அத்தனை மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் மாடியில் அவள் பேசுவது எனக்குக் கேட்கும். வந்தவள் யாராக இருந்தாலும், என்ன குறை சொல்லி வந்தாலும், பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்.

"ஒண்ணும் இல்லட்டி. பத்தே நாள்ல சரியாயிரும்."

பரு, தேமல், மங்கு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, எல்லாவற்றுக்கும் அதே பத்து நாள்தான். கேட்டவளின் முகம் தெளிந்த பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வரும். எதிரே ஒரு முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது. அது வியாபாரத் தந்திரம் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். தந்திரமாக இருந்திருந்தால் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

முகம் ரொம்பக் கெட்டுப்போய் வருகிறவர்களை அவள் கண்ணாடிக்கு முதுகு காட்டித்தான் உட்கார வைப்பாள். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில் இரண்டு பிளாஸ்டிக் குடத்தை நிரப்பி வைத்துக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரில் முகம் கழுவி, நூலால் புருவம் திருத்தி, பஞ்சால் துடைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் நாற்காலியைத் திருப்புவாள். சுடுகஞ்சி கொட்டிக் கன்னம் முழுக்கத் தழும்பான ஒரு பெண் கல்யாண அலங்காரத்துக்கு வந்தாள். போட்டோவில் தழும்பு விழுமா என்று நாலைந்து தடவை கேட்டாள். விழவே விழாது என்று அக்கா அடித்துச் சொன்னாள். ஆல்பம் வந்தபோது பாதிப் படங்களில் தழும்பு அப்படியே இருந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டு வந்து நின்றாள். அக்காவும் அவளோடு உட்கார்ந்து அழுதாள். அழுதுவிட்டு, போட்டோகிராபர் லைட் சரியாக வைக்கவில்லை என்றாள்.

சொந்தக் கதையிலும் அப்படித்தான். வீட்டுக்காரர் எங்கே என்று யாராவது கேட்டால் பம்பாயில் வேலை, அடுத்த மாசம் வாராவ என்பாள். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. கேட்டவர்கள் சங்கடப்படக் கூடாது என்பதற்காகவே அப்படிச் சொல்கிறாள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. முகம் முழுக்கப் பரு. கன்னத்தில் கட்டிகட்டியாக எழும்பி, சீழ் வைத்து, காய்ந்து கறுப்பாகக் குழி விழும். கஸ்தூரி மஞ்சள், சந்தனம், வேப்பிலை, பற்பசை என்று யார் எதைச் சொன்னாலும் அப்பினேன். இரண்டு இடத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. இரண்டாவது தடவை மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம், பிள்ளைக்கு உடம்பில் சூடு அதிகமோ என்று மெல்லக் கேட்டாள். அன்று சாயங்காலமே மாடிப்படி ஏறினேன்.

அக்கா ஒரு சின்ன டப்பியைக் கொடுத்தாள். மேலே பெயர் எதுவும் கிடையாது. உள்ளே வெண்ணெய் மாதிரி வெள்ளைக் கிரீம். அவளே கலப்பது. மருந்துக் கடையில் சிரங்குக்கு வாங்குகிற ஒரு டியூபை, முகம் வெளுக்கப் போடுகிற கிரீமோடு சேர்த்துக் குழைத்து டப்பிகளில் அடைப்பாள். மதுரையில் பார்லர் வேலை பழகும்போது கற்றுக்கொண்டது என்றாள். தூங்கப் போகும்போது போட்டுக்கொள்ளச் சொன்னாள். வழக்கமான வாக்கையும் சொன்னாள்.

அந்த ஒரு தடவை அவள் வாக்கு பலித்தது. எட்டாம் நாளே கட்டிகள் அமுங்கின. பத்தாம் நாள் கன்னம் வழவழவென்று, ஊருக்குப் புதிதாக வந்தவள் கன்னம் மாதிரி இருந்தது. மூன்றாவதாகப் பார்க்க வந்த எப்போதும்வென்றான் ஊர்க்காரர்கள் அங்கேயே தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

டப்பி தீரத் தீர வாங்கினேன். இரண்டு நாள் போடாமல் விட்டால் முகம் திகுதிகுவென்று எரியும், பரு மறுபடி தலைகாட்டும். அதனால் விடவில்லை. பாவாடை நாடா கட்டிக் கட்டி இடுப்பைச் சுற்றி விழுந்திருந்த கறுப்புக்கும் போடலாமா என்று கேட்டேன். முகத்துக்கு ஆவது இடுப்புக்கு ஆகாதா என்றாள். இடுப்பிலும் அடிவயிற்றிலும் ஏழெட்டு மாதம் தேய்த்தேன்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போதுதான் வரிகளைக் கவனித்தேன். இடுப்பின் இரண்டு பக்கமும் யாரோ நகத்தால் பிறாண்டியது போல, கருஞ்சிவப்பில், விரல் நீளத்துக்கு. தடவினால் அந்த இடம் மட்டும் பள்ளமாக, ஈரத்தாள் மாதிரி இருந்தது. வலியோ அரிப்போ இல்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அக்காவிடம் காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"சதை போடுதட்டி, வேற ஒண்ணும் இல்ல. கல்யாணக் களை" என்றாள். இன்னும் இரண்டு டப்பிகளை என் பைக்குள் வைத்தாள். அவள் கை என் பையிலிருந்து சட்டென்று வெளியே வரவில்லை. அதை அன்றைக்குப் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

எப்போதும்வென்றானில் எனக்கு வாய்த்தவர் அதிகம் பேசாதவர். சொந்தமாக மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். மாமியாரும், மூன்றாவது பிரசவம் முடிந்து தாய்வீட்டில் இருந்த நாத்தனாரும் வீட்டில் இருந்தார்கள். முதல் மாதத்தின் கடைசியில் டப்பி தீர்ந்தது. கோவில்பட்டிக்குப் போய்வரக் காரணம் சொல்லத் தெரியவில்லை. நான்கே நாளில் முகம் வெடித்தது. பழைய பரு மாதிரி இல்லை. கன்னம் முழுக்கத் தக்காளிச் சிவப்பு, அதன்மேல் மணல் அள்ளி எறிந்ததுபோலக் கொப்புளம். களத்தில் மிளகாய் வத்தல் காய்ந்தது. அந்த நெடி பட்டாலே தீ வைத்ததுபோல எரியும். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்தேன். புதுப் பெண்ணுக்கு வெட்கம் என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.

ஒரு மத்தியானம் தட்டி மறைப்புக்குள் குளித்துவிட்டுப் புடவை மாற்றும்போது, நாத்தனார் பிள்ளைக்கு வெந்நீர் எடுக்க உள்ளே வந்தாள். என் இடுப்பைப் பார்த்தாள். வெந்நீரை எடுக்காமலே திரும்பிப் போனாள். அன்று முழுக்க அடுப்படியில் அம்மாவும் மகளும் குசுகுசுவென்று பேசுவதும், நான் போனால் நிறுத்துவதுமாக இருந்தது. எனக்குக் காரணம் தெரியவில்லை. முகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக் குறுகிப்போனேன். விளக்கு வைக்கிற நேரத்தில் நாத்தனார் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, கதவை ஒருக்களித்து வைத்தாள்.

"நான் மூணு பெத்தவ. எங்கிட்ட மறைக்க ஏலாது. எத்தனை மாசத்துல கலைச்சிய?"

அவள் கேட்டதன் அர்த்தம் எனக்கு ஏறவே கொஞ்ச நேரம் ஆனது. நான் பேசாமல் நின்றதையே அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தார். அது உண்மையா என்று என்னிடம் கேட்கவில்லை. பஸ் வந்ததும் பையை உள்ளே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், பெரியவங்க பேசி முடிக்கட்டும் என்றார்.

அம்மா என்னைத் திருநெல்வேலியில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வயதான மனிதர். என்ன கிரீம் போட்டாய் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. காலி டப்பியைக் காட்டி, கலக்கிற டியூபின் பெயரையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அந்த மருந்து சில தோல் நோய்களுக்கு, சில நாட்களுக்கு மட்டும், டாக்டர் சொல்லிப் போடவேண்டியது என்றார். முதலில் பருவை அமுக்கி, நிறத்தை வெளுக்க வைக்கும். பிறகு தோலை மெலிதாக்கும், அதுவே புதுப் பருவைக் கிளப்பும், நிறுத்தினால் பழிவாங்கும். இடுப்பைப் பார்த்துவிட்டு, இதுவும் அதே மருந்தின் வேலைதான் என்றார். தோலுக்கு அடியில் இருக்கிற நார் அறுந்தால் இப்படி வரி விழும். பிள்ளை உண்டானால் விழும், வேகமாக வளருகிற பையன்களுக்கும் விழும், சட்டென்று உடம்பு பெருத்தவர்களுக்கும் விழும். இதைப் பார்த்துப் பிள்ளை பெற்றதைச் சொல்ல முடியாது என்றார். அம்மா அதை ஒரு தாளில் எழுதி வாங்கினாள். அந்தத் தாளை என் தாய்மாமா எடுத்துக்கொண்டு போனபோது, சீட்டு எழுதி வாங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று என் மாமியார் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து உறவை அறுத்துவிடுவது என்று முடிவானது.

அக்காவிடம் போனேன். நடந்ததையும் டாக்டர் சொன்னதையும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே வந்து, கிரீமால் வந்தது என்று நீயே ஒரு வார்த்தை சொல்லு என்று கேட்டேன். அவள் அலமாரியைத் திறந்து ஒரு டப்பியை எடுத்தாள். இதைப் போட்டால் எரிச்சல் அடங்கும், ஒண்ணும் இல்லட்டி என்றாள். டப்பியைத் தட்டிவிட்டேன். தரையில் வெள்ளையாகச் சிதறியது. நான் படியிறங்கி வரும்வரை அவள் குனிந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எப்போதும்வென்றானில் முன்னறையில் ஜமுக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அம்மாவும் உள்ளறை வாசலில். நகைகளைப் பற்றிப் பேச்சு தொடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது மினி பஸ்ஸில் இறங்கி, கரிசல் மண் ஒட்டிய செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அக்கா உள்ளே வந்தாள். யார் என்று நாத்தனார் கேட்டாள். இவளுக்குக் கிரீம் கொடுத்தவள் என்றாள் அக்கா. பெண்கள் மட்டும் உள்ளே வரவேண்டும் என்று சொல்லிவிட்டு யாருடைய சம்மதத்துக்கும் காத்திராமல் உள்ளறைக்குப் போனாள்.

எந்த வெயிலிலும் முழங்கைவரை கை வைத்த பிளவுஸ்தான் அவள் போடுவாள். அந்தக் கையைத் தோள்வரை சுருட்டி ஏற்றினாள். அக்குளிலிருந்து முழங்கை வரை வெள்ளி நூல் இழுத்தது போல வரிகள். பிறகு முந்தானையை விலக்கி அடிவயிற்றைக் காட்டினாள். என்னுடையதைவிட மூன்று மடங்கு இருந்தது.

"இதைப் பாத்தா ஒங்களுக்கு என்ன தோணுது, மதினி?"

நாத்தனார் குனிந்து பார்த்தாள். "எத்தனை பிள்ளைய?"

"ஒண்ணும் இல்ல. என் வயித்துல ஒண்ணு தங்குனதே இல்ல. அதுக்காவத்தான் எங்க வீட்டுக்காரவிய என்னை விட்டுட்டு வேற கட்டிக்கிட்டாவ. நாகலாபுரத்துல யார்ட்டன்னாலும் போயி விசாரிங்க, ஊரே சொல்லும்."

மாமியார்தான் கேட்டாள், அப்போ இது எப்படி வந்தது என்று.

"நான் குழைச்ச கிரீம், அத்தை. மொதல்ல என் மேலதான் போட்டுப் பாத்தேன். வரி விழும்னு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலயே இவ வந்து காட்டுனா. தெரிஞ்சேதான் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். இவ பயந்துருவாளேன்னு சொன்னேன். இவ மேல ஒரு குத்தமும் இல்ல. என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க."

அவள் குரல் உடையவில்லை. சுருட்டிய பிளவுஸ் கையை இறக்கிவிடத்தான் அவளுக்குத் தோன்றவில்லை. என் அம்மாதான் போய் இறக்கிவிட்டாள்.

மாமியார் வெளியே போய் ஆண்களிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. அறுத்துவிடுகிற பேச்சு அத்தோடு நின்றது. அக்காவை ஒருவரும் திட்டவில்லை, உட்காரும்படியும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது அம்மா, நான், அக்கா மூவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. என் மானத்தைக் காப்பாற்றியவளும் அவள்தான், தெரிந்தே அதைப் பணயம் வைத்தவளும் அவள்தான். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு அன்று தெம்பில்லை.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் தனியாக வந்தார். டாக்டரிடம் என்னோடு வந்தால்தான் ஊருக்கு வருவேன் என்றேன். வந்தார். டாக்டர் முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், இது போகுமா என்று. நிறம் மங்கி வெள்ளையாகும், வரி முழுக்கப் போகாது, இதை அழிக்கிற கிரீம் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள் என்றார் டாக்டர். பஸ் ஸ்டாண்டில் இவர் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் ஒன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் என்றார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

முகம் தேற ஒன்றரை வருடம் ஆனது. எரிச்சலுக்கு ஒன்று, பருவுக்கு ஒன்று என்று மருந்து, சில வாரங்கள் மாத்திரை, கிள்ளக் கூடாது, குடை இல்லாமல் வெளியே போகக் கூடாது. குறைவதும் கிளம்புவதுமாக எத்தனையோ முறை மனது விட்டுப்போயிருக்கிறது.

அந்த நாட்களில் ஒருமுறை நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது அக்கா வாசலில் வந்து நின்றாள். பார்லரை மூடிவிட்டாள். கிரீம் வாங்கியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர்களாக நிறுத்தினால் என் முகம் மாதிரி ஆகிவிடும், டாக்டரிடம் போய்க் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும், சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்றாள்.

"ஒன் மொகத்தை அவியளுக்குக் காட்டணும்ட்டி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைச் சாத்தியிருப்பேன். ஏன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

புதூரில் ஒருத்தி வத்தல் களத்துக்குப் போக முடியாமல் இரண்டு மாதமாக வேலை இல்லாமல் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அழுதாள். இன்னொரு வீட்டில் புருஷன் அக்காவை அடிக்கக் கை ஓங்கிக்கொண்டு வந்தான். அவள் நகரவில்லை, டாக்டர் இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். நாகலாபுரத்தில் ஒரு பெண் சிரித்த முகமாக வரவேற்று, தங்கச்சிக்கு அடுத்த மாதம் நிச்சயம், அதுவரைக்கும் ஒரே ஒரு டப்பி வேண்டும் என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தங்கை பக்கத்திலேயே நின்றாள். முகத்தில் பத்துப் பரு இருக்கும். அக்கா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. கடைசியில் இல்லை என்றாள். இல்லை என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே வந்ததும் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அதன் பிறகு ரெடிமேடு தைக்கிற ஒரு இடத்தில் பட்டன் வைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். எனக்குப் பையன் பிறந்தபோது பார்க்க வந்தாள். அதே நாளில் நாத்தனாரும் தன் மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளைக்குப் பதினான்கு வயது. கன்னமும் தாடையும் கட்டிகட்டியாக இருந்தன. ஊரில் ஒரு பெயர் விடாமல் எல்லாக் கிரீமும் போட்டுப் பார்த்தாயிற்றாம். அதுவரை அக்காவிடம் என் புகுந்த வீட்டார் பேசிக் கேட்டதில்லை. நாத்தனார் என் கட்டில் காலைத் தடவிக்கொண்டே அக்காவைப் பார்த்து, ஒங்களுக்குத் தெரியுமே, இவளுக்கு என்ன போடலாம் என்று கேட்டாள்.

அக்கா அந்தப் பிள்ளையை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய், தாடையை ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"வயசுக்கு வாரதுதான். அழுக்கும் இல்ல, சூடும் இல்ல, ஒன் மேல தப்பும் இல்ல. ஆனா இந்தப் பெரிய கட்டியெல்லாம் குழி விழுந்துரும். எனக்கு வைத்தியம் தெரியாது, டாக்டர்ட்டதான் காட்டணும். மாசக்கணக்கு ஆகும்ட்டி."

பிள்ளையின் கண்ணில் குபுக்கென்று தண்ணீர் வந்தது. நாத்தனாருக்குக் கோபம். பச்சைப் பிள்ளை முகத்துக்கு நேரே இப்படியா சொல்வார்கள், மனது குளிர ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று என்னிடம் முறையிட்டாள்.

அழுகிற அந்தப் பிள்ளையைப் பார்த்து அக்காவின் கண்ணும் கலங்கியிருந்தது. முந்தானையால் பிள்ளையின் கண்ணை மட்டும், கட்டிகள்மேல் படாமல், ஒற்றி எடுத்தாள். பிறகு நாத்தனாரிடம் திரும்பி, திருநெல்வேலி பஸ் பத்தரைக்கு இருக்கிறது, நீங்கள் பையனைக் கொஞ்சிக்கொண்டிருங்கள், நான் இவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்றாள். நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். பிள்ளை எழுந்து, மூக்கை உறிஞ்சியபடி, செருப்பைத் தேடினாள்.